பச்சை உடல், கருப்புக் கரை

பழைய காரின் அழகைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைத்தான் பேசுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் பானெட்டைத் தூக்கி இன்ஜினைக் காட்டச் சொல்வார்கள். மீட்டர் போர்டின் பின்பக்கத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அபூர்வம். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து, இடுப்பில் கதவின் விளிம்பு குத்த, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் அது. ஆனால் 1960, 70-களில் வந்த பிரிட்டிஷ் கார் ஒன்றில் அப்படிப் படுத்துப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் காட்சி, முன்பக்கத்தைவிட ஒரு படி உசத்தி என்பது என் கட்சி.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை வந்த, இரண்டே இருக்கை உள்ள திறந்த கார். பிறப்பிடம் இங்கிலாந்தின் கவென்ட்ரி; உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ், டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக ஓடியது. எனவே நம் ஊரின் மூத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிப்போய் ஸ்பிட்ஃபயரின் அடியில் படுக்கவைத்தால், அவர் ஒன்றும் திகைத்துவிட மாட்டார். வயர்களின் நிறம் அவருக்குத் தெரிந்த நிறம்தான்.

அந்த நிறங்களில்தான் முதல் ருசி. பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது. ஃபியூஸ் கிடையாது, எந்நேரமும் கரண்ட் இருக்கும், ஆகவே கொஞ்சம் பயபக்தியோடு தொட வேண்டியது. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது வெள்ளை. அந்த வெள்ளை ஃபியூஸைத் தாண்டி வெளியே வந்தால் பச்சை. பார்க்கிங் விளக்கும் மீட்டர் விளக்கும் சிவப்பு, ஹெட்லைட் நீலம், எர்த் கருப்பு. இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் அடையாளக் குறி. புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருப்பதுபோல, ஒவ்வொரு வயரின் மேலும் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது பாருங்கள், அங்கேதான் அது மொழியாகிறது. எங்கிருந்து வருகிறேன் என்பதை உடல் சொல்லும். எந்த வேலைக்குப் போகிறேன் என்பதைக் கரை சொல்லும். பச்சை உடலில் கருப்புக் கரை என்றால் பெட்ரோல் டேங்கில் இருக்கும் மிதவைக்குப் போவது. பச்சையில் நீலம், ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. பச்சையில் சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளை வலது. நீலத்தில் வெள்ளை, ஹைபீம்.

வெள்ளையில் பிரவுன் கரை இருக்கிறதே, அதை நான் தனியாக ரசிப்பேன். ஆயில் பிரஷர் விளக்கின் வயர் அது. சாவியிலிருந்து வெள்ளையாக வந்த கரண்ட், சின்ன பல்பின் வழியே புகுந்து மறுபக்கம் வெளியேறி, இன்ஜின் பிளாக்கில் இருக்கும் ஆயில் சுவிட்சுக்குப் போகிறது. பல்பைத் தாண்டிய பிறகும் வயர் தன் வெள்ளை உடலை விடவில்லை. போகிற வேலைக்கான கரையை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. வயரிங் படத்தை விரிக்காமலே, வெட்டுண்டு தொங்கும் ஒரு துண்டைப் பார்த்து அதன் பூர்வீகத்தையும் போக்கிடத்தையும் சொல்லிவிடலாம். இந்த நிறமுறையை வகுத்தவர்கள், தங்களுக்குப் பின்னால் எவனோ ஒருவன் அடியில் படுத்துக்கொண்டு விழிக்கப்போகிறான் என்று முன்கூட்டியே இரக்கப்பட்டவர்கள்.

அடுத்தது இக்னிஷன் விளக்கு என்று சொல்லப்படும் சிவப்புப் புள்ளி. அதன் ஒரு பக்கம் சாவியிலிருந்து வரும் வெள்ளை. மறுபக்கம் பிரவுன் உடலும் மஞ்சள் கரையுமாக டைனமோவிலிருந்து வருவது. இரண்டு பக்கமும் பேட்டரியோ டைனமோவோ இருக்க, எர்த் இல்லாமல் எப்படி எரிகிறது? இன்ஜின் ஓடாதபோது டைனமோவில் மின்னழுத்தம் இல்லை. பேட்டரியின் கரண்ட் பல்பு வழியே டைனமோ சுருளுக்குள் போய் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. விளக்கு எரிகிறது. இன்ஜின் வேகம் எடுத்ததும் டைனமோவின் அழுத்தம் ஏறி பேட்டரிக்குச் சமமாகிறது. இரண்டு பக்கமும் சமமான பிறகு கரண்ட் ஓட வழியில்லை, விளக்கு அணைகிறது. அணைக்க ஒரு சுவிட்சு கூட இல்லை. பின்னாளில் ஆல்டர்னேட்டர் வந்தபோது இதே 2.2 வாட் பல்புக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள்: ஆல்டர்னேட்டரின் ரோட்டர் காந்தமாவதற்கான முதல் கரண்ட் இதன் வழியேதான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜ் ஏறாமலே வண்டி ஓடிக்கொண்டிருக்கலாம். பேட்டரியைக் குறை சொல்லிப் புதிது வாங்கிப் போட்ட பிறகு, குற்றவாளி ஒரு கடுகு பல்பு என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

பெட்ரோல் முள்ளையும் சூட்டு முள்ளையும் கவனியுங்கள். சாவி போட்டவுடன் துள்ளி எழாது. மெல்ல, யோசித்து யோசித்து ஏறும். ஸ்மித்ஸ் கம்பெனியின் இந்த மீட்டர்களுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டையும், அதன்மேல் சுற்றிய சூடேறும் கம்பியும் இருக்கின்றன. கரண்ட் பாய்ந்தால் பட்டை சூடாகி வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். மந்தம் என்று சிலர் இதைப் பழிப்பார்கள். அதற்கு முன்னால் வந்த வகையில், வளைவில் திரும்பும்போது டேங்குக்குள் பெட்ரோல் அலம்பினால் முள்ளும் கூடவே ஆடும். இதில் அந்த ஆட்டம் இல்லை. பட்டை சூடாகவும் ஆறவும் எடுத்துக்கொள்ளும் நேரம் அலம்பலை விழுங்கிவிடுகிறது. மந்தம் இங்கே குறையல்ல, குணம்.

ஆனால் சூட்டை நம்பும் மீட்டருக்கு ஒரு சிக்கல். வண்டி நின்றால் 12 வோல்ட், ஓடினால் 14-ஐத் தொடும். டேங்கில் அதே பெட்ரோல் இருக்க, முள் மட்டும் ஏறி இறங்கும். அதற்காக ஸ்டெபிலைசர் என்று தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகர டப்பாவைப் பின்னால் வைத்தார்கள். அதற்குள்ளும் அதே போன்ற உலோகப் பட்டைதான். சூடாகி வளைந்தால் தொடர்பு அறும், ஆறினால் சேரும். விட்டு விட்டு அனுப்பும் கரண்ட், சராசரியில் 10 வோல்ட்டுக்குச் சமம். மீட்டர் தன் மந்தத்தால் அந்தத் துடிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. ஒன்றின் குறையை இன்னொன்று மூட, இரண்டும் சேர்ந்து ஒழுங்காகின்றன. டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். ஒரு சின்ன டெஸ்ட் பல்பை வைத்தால் விட்டு விட்டு மின்னும். அது மின்னினால் டப்பா உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இந்த டப்பாவுக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். திருகு துருப்பிடித்து எர்த் விட்டுப்போனால், உள்ளே பட்டை சூடாகாது, தொடர்பு அறாது, முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். பெட்ரோலும் சூடும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டும். பழகிய கை இரண்டு மீட்டரையும் தொடாது. முதலில் அந்தத் திருகைத்தான் தேடும். ஒரு முள் மட்டும் தவறினால் அந்த வயரைப் பார், இரண்டும் ஒன்றாகத் தவறினால் இரண்டுக்கும் பொதுவானதைப் பார். மருத்துவம்கூட இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

இந்தக் கார்களின் மின்சாதனங்கள் பெரும்பாலும் லூகாஸ் கம்பெனியுடையவை. லூகாஸ் என்றால் சென்னையின் பாடியில் பஸ் நிற்கும் இடம் என்று நம்மில் பலருக்குத் தெரியும். லூகாஸ்-டிவிஎஸ் 1961-இல் அங்கே வந்தது. இங்கிலாந்தில் அதன் தாய்க் கம்பெனிக்கு, கார் பிரியர்கள் வைத்த பட்டப்பெயர் ‘இருளின் இளவரசன்’. விளக்கு எப்போது அணையும் என்று தெரியாதாம். கேலி நன்றாகத்தான் இருக்கிறது, நியாயம்தான் குறைவு. மீட்டர் போர்டில் வரும் கோளாறுகளைத் தோண்டிப் போனால் பெரும்பாலும் ஒரு கருப்பு வயரில் வந்து நிற்கும். மரப்பலகையில் பதித்த மீட்டர்களுக்கு எர்த் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் போகிறது. நடுவில் ஒரு வயர் முனை தளர்ந்தால், அதற்குப் பிறகு இருப்பவை எல்லாம் வேறு வழி தேடும். ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் நகர்வதும், இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கு கூடவே துடிப்பதும் அதனால்தான். பேய் பிடித்த வண்டி என்பார்கள். களிம்பு பிடித்த வண்டி, அவ்வளவே.

அதைவிடக் கொடுமை, இடையில் வந்தவர்களின் கைவண்ணம். எதற்கும் சிவப்பு வயர், எங்கும் கருப்பு டேப், வெயிலில் இளகி விரலில் ஒட்டும் பசை. மூல வயரிங் கட்டைச் சுற்றியிருக்கும் டேப்பில் பசையே கிடையாது. வழவழப்பான பிவிசி நாடாவைச் சாய்வாக இழுத்துச் சுற்றி, முடிவில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். அதனால்தான் அரை நூற்றாண்டு கழித்துப் பிரித்தாலும் உள்ளே வயர்கள் தம் நிறத்தோடு சுத்தமாக இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவும் எந்த இடத்தில் கட்டிலிருந்து விலக வேண்டுமோ அங்கேதான் விலகுகிறது; ஒரு விரல் நீளம்கூட வீண் இல்லை. மீட்டரைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும்: பின்னால் ஒரு வளைந்த தகட்டுப் பிடியும், கண்ணால் பார்க்காமலே விரலால் திருகக்கூடிய சொரசொரப்பான நட்டும்தான்.

இதைப் பழுதுபார்க்கிறவருக்கும் அதே நிதானம் வேண்டும். வழக்கமான மீட்டர் வயரில் 0.30 மில்லிமீட்டர் கனத்தில் 14 இழைகள் இருக்கின்றன. உறையை உரிக்கும்போது இரண்டு இழை அறுந்தாலும் வெளியே தெரியாது; நல்ல கை மீண்டும் வெட்டி மீண்டும் உரிக்கும். ஈயம் பற்றவைத்தால் உறைக்குள் அதிகம் ஏறவிடக் கூடாது. ஈயம் ஏறிய இடம் விறைத்து, விறைப்பு முடியும் விளிம்பில் வயர் ஒடியும். வயர் நுனியில் பொருத்தும் 4.7 மில்லிமீட்டர் பித்தளை புல்லட்டைக் கருப்பு ரப்பர் ஸ்லீவுக்குள் தள்ளும்போது ‘டக்’ என்று உட்காரும் உணர்வு விரலில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஸ்லீவின் உள்தகடு தளர்ந்திருக்கிறது, மாற்றிவிட வேண்டியதுதான்.

உங்கள் வீட்டுப் பழைய காரைப் பிரிக்கிற நாள் வந்தால், பேட்டரியின் எர்த்தைக் கழற்றிய பிறகே உள்ளே கை வையுங்கள். புது வயர் வாங்கும்போது உடல் நிறத்தோடு கரை நிறத்தையும் சொல்லிக் கேளுங்கள். பழைய கார்களுக்கென்று அதே நிறங்களில் மீட்டர் கணக்கில் இன்றும் விற்கிறார்கள். கிடைக்கும்வரை வண்டி ஷெட்டில் நிற்கட்டும். சிவப்பு வயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.