கேள்வி கேட்காத ஆசீர்

அக்டோபர் முதல் ஞாயிறு கழிந்தால் போதும், நியூயார்க் ஒட்டகம் பத்திரிகைகளில் வந்துவிடும். கழுத்தில் பூமாலை, பின்னால் வானுயர்ந்த கல் தூண்கள், பக்கத்தில் வெள்ளை அங்கியில் ஒருவர். ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் உள்ள புனித யோவான் பேராலயத்தில், அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளையொட்டி நடக்கும் விலங்கு ஆசீர்வாத விழா அது. படத்துடன் வரும் புகழுரையும் ஆண்டுதோறும் ஒன்றேதான்: மனிதனை மட்டுமே கண்ட மதம் பிற உயிர்களையும் காணத் தொடங்கிவிட்டது, பலிபீடம்வரை விலங்கை அழைத்ததே ஒரு புரட்சி. இந்தப் புகழுரையோடுதான் எனக்கு வழக்கு.

விழாவின் அழகை மறுக்க முடியாது. 1892இல் கட்டத் தொடங்கி இன்னும் முடியாத கட்டடம். நீளம் 601 அடி. ஆண்டில் சில நாள் மட்டுமே திறக்கும் வெண்கலக் கதவுகள் அன்று திறக்கின்றன. ஒட்டகம், லாமா, கழுகு, பாம்பு, தேனீக்கூடு என்று ஊர்வலம் வருகிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் பாசியைக்கூட ஏந்தி வந்திருக்கிறார்கள். பால் வின்டர் குழுவினரின் 'மிஸ்ஸா காயா' என்ற திருப்பலி இசை 1981இல் இங்கேதான் பிறந்தது. இரக்கம் கேட்கும் கீதத்தில் ஓநாயின் ஊளையும், தூயவர் கீதத்தில் திமிங்கிலத்தின் குரலும் கலந்து வரும்போது கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் உடல் சிலிர்க்கும். 1972 முதல் கால் நூற்றாண்டு இப்பேராலயத்தின் தலைமைக் குருவாயிருந்த ஜேம்ஸ் பார்க்ஸ் மார்ட்டன், சூழலியல் பேச்சு கோயிலுக்குள் நுழையத் தயங்கிய காலத்தில் அதற்குப் பீடம் போட்டுக் கொடுத்தவர். அவருக்கு அந்தப் பெருமை உண்டு. இதெல்லாம் சரி.

விலங்குகளை ஆசீர்வதிப்பது நியூயார்க்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. கத்தோலிக்க நாடுகளில் ஜனவரி 17, நம் பொங்கலின் ஈரம் காய்வதற்குள் வந்துவிடும் வனத்து அந்தோணியார் திருநாள், நெடுங்காலமாகக் கால்நடைகளின் நாள். மாட்ரிட்டின் சான் அந்தோன் கோயிலில் இன்றும் அன்று நாயும் பூனையும் வரிசையில் நிற்கின்றன. அந்தோணியார் காலடியில் ஓவியர்கள் ஒரு பன்றியை வரைவார்கள். அவர் பெயரால் அமைந்த துறவற சபை மருத்துவமனைகள் நடத்தியது, பன்றிகள் வளர்த்தது, அந்தப் பன்றிக் கொழுப்பை நோயாளிகளின் தோல் புண்ணுக்குத் தடவியது. பழைய ரோமன் சடங்கு நூலில் குதிரைக்கும் தேனீக்கும் பட்டுப்புழுவுக்கும் தனித்தனி ஆசீர் மன்றாட்டுகள் உண்டு. எலியையும் வெட்டுக்கிளியையும் விரட்ட ஒரு மன்றாட்டும் உண்டு.

அந்த வழக்கத்தில் அன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாது. ஒளிவுமறைவு மட்டும் இல்லை. மாடு செத்தால் குடும்பம் பட்டினி, எனவே மாடு நலமாயிருக்க வேண்டும். பட்டுப்புழுவுக்காக வேண்டிக்கொண்டவன் அதன் கூட்டைக் கொதிநீரில் போடப்போகிறவன். இந்த உறவின் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. நியூயார்க் விழா அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வியப்பை வைத்தது. பெரிய கதவு வழியே வருகிற ஒட்டகத்தை யாரும் உழவுக்குக் கட்டவில்லை, வீட்டில் வளர்க்கவும் இல்லை. அது காட்டப்படுவதற்காகவே கொண்டுவரப்படுகிறது. யானைகள் வந்த காலமும் உண்டு. மன்ஹாட்டன் தார்ச்சாலையில் இறங்கி வரும் யானை காட்டிலிருந்து நேரே வந்திருக்காது. ஆட்களுக்குக் காட்டியே பிழைக்கப் பழக்கப்பட்ட யானையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து 'படைப்பின் மாண்பு' என்று உருகுவது கொஞ்சம் அதிகம். சர்க்கஸில் காட்டு விலங்குகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2017இல் கொண்டுவந்தது நகராட்சி மன்றம். பிரசங்க மேடையிலிருந்து அது வரவில்லை.

ஆனாலும் ஒட்டகமும் யானையும் சிறிய குறைகள். நாளையே ஊர்வலத்தை நிறுத்திவிட்டு வீட்டு நாய்களை மட்டும் அழைத்தாலும் என் ஆட்சேபம் தீராது. நெடுநாளாக என்னை உறுத்துவது வேறொன்று: இந்தச் சடங்கு மனிதனிடம் எதையுமே கேட்பதில்லை.

திருச்சபையின் மற்ற சடங்குகளைப் பாருங்கள். மணமக்கள் வாக்குக் கொடுக்காமல் திருமணம் இல்லை. பொறுப்பேற்கிறேன் என்று சொல்லாமல் குருப்பட்டம் இல்லை. குழந்தை ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பேசத் தெரியாது என்பதற்காகக் குருவானவர் கேள்விகளை விட்டுவிடுவதில்லை. பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேட்கிறார். இந்தப் பேராலயம் சார்ந்திருக்கும் எபிஸ்கோப்பல் சபை ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்தது. அதே மரபிலும் வேர்கொண்ட நம் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு ஞானஸ்நானம் பார்த்தவருக்கும் இந்தக் கேள்வி பதில் பழக்கமானதுதான். எபிஸ்கோப்பல் சபையின் 1979 வழிபாட்டு நூலில் கூடியிருக்கும் சபையாரிடமும் ஒரு கேள்வி உண்டு. துணை நிற்போம் என்று அவர்களும் சொல்லியாக வேண்டும்.

நாய்க்குட்டியும் பேசாது. அதற்காகப் பேச வேண்டியவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் பேராலய வளாகத்தில் நடப்பது என்ன? வரிசை நகர்கிறது, குரு தலையில் கை வைக்கிறார், இரண்டு வரி ஜெபம், சிரிப்பு, ஒரு புகைப்படம், அடுத்த நாய். கிழடானால் தெருவில் விட மாட்டேன் என்று உரிமையாளரிடம் ஒரு வாக்கும் வாங்குவதில்லை. அழகுக்காக மூக்குச் சப்பிய நாய்களை உருவாக்கி, அவை மூச்சுவிடவே திணறும்படி செய்கிற இனப்பெருக்கத் தொழிலுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்ற வாக்கும் இல்லை. தட்டில் இருக்கும் கோழியைப் பற்றி? அதைக் கேட்டால் கூட்டம் பாதியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 900 கோடிக்கும் மேல் கோழிகள் கொல்லப்படுகின்றன. அந்த நாட்டில் மனிதனுக்கும் விலங்குக்கும் உள்ள முதன்மையான உறவு அதுதான். விழாவில் அதற்கு இடமில்லை. மாலை போட்ட ஓர் ஆடோ பசுவோ ஊர்வலத்தில் வந்தால்கூட, அது தப்பித்த ஒன்று. மற்றவை எங்கே என்ற கேள்வியை எழுப்புவதற்குப் பதில் அது மூடிவிடுகிறது. வந்தவர்கள் தாங்கள் நல்லவர்கள் என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள். ஆசீர் பெற்றது நாயா, நாயின் உரிமையாளரா என்பது எனக்குத் தெளிவாகவே இருக்கிறது.

ஆசீர் என்பது கொடை, அதற்கு நிபந்தனை போடலாமா என்று இறையியல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். விழாவுக்குச் சொல்லக்கூடிய வாதங்களில் இதுதான் வலுவானது. நிபந்தனை வேண்டாம் என்பது விலங்குக்குச் சரி. விலங்கு எந்தப் பாவமும் செய்யவில்லை. ஆசீர் அதன்மேல் மழையாகப் பொழியட்டும். ஆனால் அதிகாரம் முழுவதையும் வைத்திருக்கும் இன்னொரு தரப்பு பக்கத்திலேயே நிற்கிறதே! அந்தத் தரப்பையும் கேள்வியின்றி விட்டால் அதற்குக் கொடை என்று பெயரிட முடியாது, சலுகை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரான்சிஸின் பெயரைச் சொல்லி இதைச் செய்வதுதான் இன்னும் வருத்தம். லின் ஒயிட் என்ற வரலாற்றறிஞர் 1967இல் அவரைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அதை அறிவிக்கவே செய்தார். அன்றிலிருந்து தோளில் பறவை உட்கார்ந்த மென்மையான பிரான்சிஸ்தான் எங்கும் கிடைக்கிறார். ஆனால் அவரைப் பற்றிய கதைகளில் பெரும் புகழ்பெற்ற குபியோ ஓநாய்க் கதையைப் பாருங்கள். ஊரை நடுங்க வைத்த ஓநாயை அவர் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. இரு தரப்பையும் நிறுத்தி உடன்படிக்கை செய்தார். ஓநாய் யாரையும் கடிக்கக் கூடாது. ஊரார் அதற்கு நாள்தோறும் சோறு போட வேண்டும். ஓநாய் பாதத்தைத் தூக்கி அவர் கையில் வைத்தது. ஊராரும் வாக்குக் கொடுத்தார்கள். அது சாகும்வரை வீடு வீடாகச் சோறு போட்டார்கள் என்று கதை முடிகிறது. பேராலயம் அந்தக் கதையிலிருந்து ஓநாயை எடுத்துக்கொண்டது, ஊளையைக்கூட இசையாக்கிக்கொண்டது, ஊராரின் வாக்கை மட்டும் விட்டுவிட்டது.

அந்தப் பேராலயத்துக்கு அக்கறையே இல்லை என்பது என் குற்றச்சாட்டு அல்ல. அதன் வளாகத்தில் மூன்று மயில்கள் இருபது ஆண்டுகள் திரிந்தன. அவற்றுக்கு வயதானபோது, 2023இல், விலங்குக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆள் கூட்டும் பறவைகளை விட்டுக்கொடுத்து, அவற்றின் கடைசிக் காலத்துக்கு வழி செய்தார்கள். விழாக்கள் அத்தனையையும்விட அந்த ஒரு முடிவைத்தான் நான் மதிக்கிறேன். பொறுப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சடங்கில் சொல்லத்தான் துணிவில்லை.

அதற்கு வாசகம் தேடிப் போக வேண்டியதும் இல்லை. 2003ஆம் ஆண்டே எபிஸ்கோப்பல் சபையின் பொதுப் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. விலங்குகளைப் பொறுப்போடு பேணுவது படைப்பைக் காக்கும் கடமையில் அடங்கும் என்றும், தொழிற்சாலைப் பண்ணைகளிலும் நாய்க்குட்டி உற்பத்திக் கூடங்களிலும் நடப்பதுபோன்ற வதைக்கு இடமில்லாத வளர்ப்பு முறைகளை உறுப்பினர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. அடுத்த அக்டோபரில் நாயின் தலையில் கை வைப்பதற்கு முன், அதைப் பிடித்திருப்பவரிடம் அந்தத் தீர்மானத்தைக் கேள்வியாகக் கேட்கட்டும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கட்டும்.