பொய்க் குடும்பமும் மெய்க் காதலும்

ஷோபாசக்தி காதல் கதைக்காரர் அல்லர். அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்ம வயதில் இயக்கத்துக்குப் போய், பிரான்சில் அகதியானவர். ஆனாலும் உலகம் அவரை அறிந்தது ஒரு காதல் கதையில்தான்: 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற, ஜாக் ஓதியாரின் 'தீபன்'.

போர் முடிகிற நேரம், முன்பின் அறியாத மூவர், செத்துப்போன குடும்பமொன்றின் கடவுச்சீட்டில் கணவன், மனைவி, பிள்ளையாகப் பிரான்ஸ் போகிறார்கள். பொய்யாகச் சேர்ந்தவர்களுக்குள் மெல்ல அன்பு வருகிறது. அதிகம் பேச்சில்லை, ஷோபாசக்தியின் தயங்கும் கண்ணிலேயே அது தெரிந்துவிடுகிறது. 1990 வெளியேற்றத்துக்குப் பிறகு, புத்தளம் முகாம்களில் 'எத்தனை பேர், யார் யாருக்கு என்ன உறவு' என்று பதிந்து நிவாரணம் எடுத்த எங்கட ஆக்களுக்கு இந்தக் கதை சட்டெனப் பிடிபடும்.

'கொரில்லா' (2001) நாவலில் இது தலைகீழ். அகதி விண்ணப்பத்தில் சொல்லப்படும் வாழ்க்கை மெய்; அதிகாரிக்கோ அது இன்னொரு கேஸ். அடிக்குறிப்புகள் போட்டும் தீரவில்லை. எந்தக் காதலும் வந்து ரொக்கிராஜைக் காப்பாற்றுவதுமில்லை.

படமோ இங்கிலாந்தில், கைக்குழந்தையோடு முடிகிறது. நாவலாசிரியர் ஷோபாசக்தி அந்த முடிவை எழுதியிருக்கவே மாட்டார் என்றுதான் எனக்குப் படுகுது. வவுனியாவில் என்னிடம் படிக்கும் உயர்தர மாணவன் ஒருத்தன், "கடைசியில வாறது கனவா சேர்?" என்று கேட்டான். "கொரில்லாவ வாசிச்சிட்டு வா, கதைப்பம்" என்றேன்.