குளிராத சுவர்

எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கவென்றே ஆட்களைக் கூப்பிடுகிறேன். தை மாதத்தில், வெளியே புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாய்க் கிடக்கும் நாளில், வடக்குப் பக்கத்துப் படுக்கையறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வையுங்கோ என்பேன். வைத்துப் பார்த்துவிட்டு, "குளிரேல்லையே அக்கா!" என்பார்கள். நெதர்லாந்தில் 1960களில் கட்டிய வரிசை வீடொன்றில் மாரி கழித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கும்.

அந்த வீடுகளை இங்குள்ள தமிழர் பலர் அறிவார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள், முன்னால் கைப்பிடியளவு தோட்டம், பின்னால் சைக்கிள் கொட்டில். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க வேகவேகமாக எழுப்பியவை. 1959இல் குரோனிங்கன் மாகாணத்தின் ஸ்லொக்டெரென் ஊருக்கு அருகே பெரும் எரிவாயு வயலைக் கண்டுபிடித்தார்கள். வாயு மலிந்த காலத்தில் சுவருக்குள் வெப்பக்காப்பு வைப்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. குளிர்கிறதா, கொதிகலனைக் கூட்டிவிடு என்று காலம் போயிற்று.

கூட்டிவிட்ட சூடு முழுதும் சுவராலும் கூரையாலும் யன்னல் இடுக்காலும் தெருவுக்குப் போயிற்று. மிஞ்சியது பூஞ்சணம். நாங்கள் விடும் மூச்சு, குசினியில் கொதிக்கும் சோறு, அறைக்குள் காயும் உடுப்பு எல்லாவற்றின் ஈரமும் காற்றில் ஏறி, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும். அந்த இடம் அலுமாரிக்குப் பின்னாலுள்ள மூலை. துடைப்போம், வெளிற்றி பூசுவோம், புதிதாக வர்ணமும் அடிப்போம். கார்த்திகையில் அதே மூலையில் கறுப்புப் புள்ளி திரும்ப வரும். பிள்ளையின் இருமலும் கூடவே வரும். சுவர் குளிர்ந்திருக்கும் வரை ஈரம் அதைத் தேடித்தான் வரும். ஆகவே மாற வேண்டியது சுவரின் குளிர்தான்.

அதைத்தான் மாற்றினார்கள். எனர்ஜிஸ்பிரொங் என்பது நெதர்லாந்து அரசின் ஆதரவோடு 2010 அளவில் தொடங்கிய திட்டம். பழைய வீட்டை இடிக்காமல், ஓர் ஆண்டில் அது செலவழிக்கும் சக்தியையும் தானே உண்டாக்கும் சக்தியையும் சமப்படுத்துவதுதான் அதன் குறி. 'மீற்றரில் பூச்சியம்' என்று இங்கே சொல்வார்கள். 2013இல் நான்கு கட்டட நிறுவனங்களும் ஆறு வீட்டு வாடகைச் சங்கங்களும் 1,11,000 வீடுகளை இலக்காக வைத்து ஒப்பந்தம் செய்தன. அந்த எண்ணிக்கை இன்னும் எட்டப்படவில்லை. ஆனால் அவர்கள் உருவாக்கிய முறை பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி என்று பரவிவிட்டது.

அந்த முறையில் எங்கள் தெருவைப் புதுப்பிக்க முதலில் வந்தவர்கள் லேசர் கருவியோடு வந்து வீட்டை அளந்தார்கள். பழைய வீட்டில் எந்தச் சுவரும் நேராயிருப்பதில்லை. அதன் கோணல் அத்தனையும் கணினிக்குள் போனது. அந்த அளவுக்கேற்பத் தொழிற்சாலையில் முகப்புச் சுவர் முழுவதையும் செய்து, யன்னல்களையும் பூட்டி, லொறியில் ஏற்றி வந்தார்கள். கிரேன் அதைத் தூக்கி எங்கள் செங்கல் சுவருக்கு முன்னால் நிறுத்திய காலையை நான் மறக்கமாட்டேன். தெருவில் நின்று அதன் விளிம்பைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மரச் சட்டம், அதற்குள் இறுக அடைத்த காப்புப் பஞ்சு, மூன்று கண்ணாடி பதித்த யன்னல், சுற்றிவர றப்பர். வெளிப்புறத்தில் மெல்லிய செங்கல் ஓடு ஒட்டியிருந்ததால் பார்வைக்கு அதே பழைய தெருதான். கூரைக்கு மேலே தடித்த புதுக் கூரை வந்தது, அதன் மேல் சூரியத் தகடுகள். வீட்டுக்கு மேற்கோட்டு போட்டுவிட்டது போல இருந்தது.

இதில் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. நாங்கள் வீட்டை விட்டு வெளியேறவில்லை. பெரும்பாலான வேலை வெளியிலேயே நடப்பதால், ஆட்கள் உள்ளே இருக்க, ஒரு கிழமை முதல் பத்து நாளுக்குள் ஒரு வீட்டை முடிப்பதுதான் இந்த முறை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே வீடு மாறியது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

பிறகு ஒரு சோதனை. முன்கதவைத் திறந்து, நிலைக்குச் சரியாகச் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியை வைத்தார்கள். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளிக்காற்று உள்ளே சீறும். சோதிக்க வந்த பெடியன் ஒவ்வொரு யன்னல் ஓரமாகவும் புறங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். படிக்கட்டுக்குக் கீழே ஒரு குழாய்த் துவாரத்தில் நின்று, "இங்கே வையுங்கள்" என்று என் கையையும் பிடித்துக் காட்டினான். ஊசிமுனைக் காற்று! அதை அடைத்துவிட்டுத்தான் போனான். வெப்பக்காப்பு எவ்வளவு தடித்திருந்தாலும், காற்று கசிந்தால் சூடும் அதோடு போய்விடும்.

இவ்வளவு இறுக்கமான வீட்டில் மூச்சு முட்டாதா என்று கேட்காதவர்கள் இல்லை. முட்டவே முட்டாது. இயந்திரமொன்று குசினியிலும் குளியலறையிலும் இருந்து பழைய காற்றை உறிஞ்சி வெளியே விடுகிறது. அறைகளுக்குள் புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. இரண்டு காற்றும் மெல்லிய தட்டுகளின் இருபுறமும் கலக்காமல் ஓடுவதால், வெளியேறும் காற்றின் சூட்டில் பெரும்பகுதி உள்ளே வரும் காற்றுக்கு மாறிவிடுகிறது. கருவாட்டுக் குழம்பின் வாசம் போய்விடும், சூடு வீட்டிலேயே தங்கும். இதைச் செய்தவர்களைக் கும்பிட வேண்டும்.

கொதிகலன் இருந்த இடம் இப்போது வெறுமை. பின்தோட்டத்துப் பெட்டிக்குள் ஹீற் பம்ப், சுடுநீர்த் தாங்கி எல்லாம் அடங்கிவிட்டன. அந்தப் பம்ப் வெளிக்காற்றின் சூட்டையும் இழுத்து, ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு சூட்டைத் தரும். எரிவாயுக் குழாயையே அறுத்துவிட்டார்கள். புட்டும் இடியப்பமும் மின்னடுப்பில் அவிகின்றன. மண்சட்டி மட்டும் அந்த அடுப்புக்குச் சரிவராமல் அலுமாரியில் ஏறிவிட்டது. முன்பு வாயு எடுத்த அதே குரோனிங்கனில், ஹௌசிங்கே என்ற ஊரில், 2012இல் 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது. நிலத்தடியில் வாயு உறிஞ்சியதால் வந்த அதிர்வு அது. எத்தனையோ வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024இல் அந்த வயலைச் சட்டம் போட்டு மூடினார்கள். நான் சமைப்பதற்காக யாருடைய சுவரும் இனி வெடிக்காது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பூச்சியம் என்பது ஆண்டுக் கணக்கில்தான். கோடையில் கூரை தேவைக்கு மேல் மின்சாரம் தரும்; மாரியில் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும். ஒன்றை மற்றதில் கழிக்கும் ஏற்பாடு 2027 தை முதலாம் திகதியோடு நிற்கிறது. அதனால் மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்களின் தேவை கூடும். ஆனாலும் முதலில் தேவையைக் குறைத்துவிட்ட வீடு எந்த விலைமாற்றத்தையும் தாங்கும். புதுப்பிக்கும் செலவுக்கும் வழியுண்டு: 2016இல் வந்த சட்டப்படி, வாடகைக் குடித்தனக்காரர் பழைய எரிசக்திக் கட்டணத்துக்குப் பதிலாக வீட்டு வாடகைச் சங்கத்துக்கு ஒரு தொகை கட்டலாம். சங்கம் வீட்டின் செயற்பாட்டுக்குப் பொறுப்பு நிற்க வேண்டும்.

சின்ன வீடுகளுக்குத்தான் இது சரிவரும் என்பவர்கள் ஜேர்மனியின் ஃபிரைபுர்க் நகரைப் பார்க்கட்டும். அங்கே 1968இல் கட்டிய 16 மாடிக் குடியிருப்பைப் புதுப்பித்து, வெப்பத் தேவையைச் சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாற் மணியளவுக்கு இறக்கினார்கள். சூட்டை வெளியே கடத்திய பழைய பல்கனிகளை வீட்டுக்குள் சேர்த்து மூடிவிட்டுப் புதியவற்றை வெளியே தனியாக நிறுத்தினார்கள். எவ்வளவு வடிவான யோசனை!

ஐரோப்பாவில் இன்று நிற்கும் கட்டடங்களில் 85 முதல் 95 வீதம் 2050இலும் நிற்கும் என்று ஐரோப்பிய ஆணையம் சொல்கிறது. புதுவீடு கட்டி மட்டும் கரையேற முடியாது. நெதர்லாந்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகளில் ஒன்றாக வேலை தொடங்க, 70 வீதமானோர் சம்மதித்தால் அந்தத் திட்டம் நியாயமானதென்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் தெருவுக்கும் அப்படிச் சம்மதம் கேட்கும் கடிதம் வரலாம். வந்தால் குப்பையில் போடாதீர்கள். டச்சு வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். சந்தேகமாக இருந்தால், முடித்த வீடொன்றுக்குக் குளிர்காலத்தில் போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.