கண்ணுக்குப் பிடிபடாத வாள்: சூய் ஹார்க்கின் ‘தி பிளேட்’ திரைப்படத்தில் கதைசொல்லியின் நோக்குநிலை

ஆய்வுச் சுருக்கம்

ஹாங்காங் இயக்குநர் சூய் ஹார்க்கின் ‘தி பிளேட்’ (1995) வெளிவந்த காலத்தில் வணிகத் தோல்வி அடைந்தது. அதன் சண்டைக் காட்சிகள் தெளிவற்றவை என்பது அப்படத்தின் மீது வைக்கப்படும் முதன்மையான குறை. அத்தெளிவின்மை கதையைச் சொல்லும் பெண்ணின் நோக்குநிலையிலிருந்து பிறப்பது என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஹாங்காங் திரைப்படம், வூஷியா, கதைசொல்லி, நோக்குநிலை, மறுஆக்கம்

மூலமும் மறுஆக்கமும்

1967இல் ஷா பிரதர்ஸ் நிறுவனத்திற்காகச் சாங் சே இயக்கிய ‘ஒன்-ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்’, வூஷியா எனப்படும் சீன வாள்வீரர் திரைப்பட வகையின் போக்கை மாற்றியது. ஜிம்மி வாங் யூ நடித்த அதன் நாயகன் ஃபாங் காங், ஆசானின் மகளால் வலக்கை துண்டிக்கப்பட்டு, பாதி எரிந்த நூலொன்றின் துணையோடு இடக்கையால் வாள் பயின்று, இறுதியில் தன்னை வளர்த்த ஆசானையே காப்பாற்றுகிறான். 28 ஆண்டுகளுக்குப் பின் சூய் ஹார்க் எடுத்துக்கொண்டது இக்கதையையே. பழைய படத்தின் சீனத் தலைப்பு ‘ஒற்றைக்கை வாள்’ என்று பொருள்படும். புதிய படத்தின் தலைப்பு வெறும் ‘வாள்’. மனிதனைச் சுட்டிய அடைமொழி உதிர்ந்து ஆயுதம் மட்டும் எஞ்சியதைத் தற்செயல் எனக் கொள்ள இயலவில்லை.

சாங் சேயின் படத்தில் கை இழப்பு ஒரு கடன் கணக்கிற்குள் அடங்கும். ஆசானுக்காக உயிர்விட்டவன் ஃபாங் காங்கின் தந்தை. மகனை வளர்த்து ஆளாக்கியவர் ஆசான். வெட்டியவள் மகளே ஆயினும், குருவிற்கான கடப்பாடு அறுபடுவதில்லை. ‘தி பிளேட்’ படத்தில் இக்கணக்கே இல்லை. வாள் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் திங் ஆன் (ஜாவ் வென்ஜுவோ), தன் தந்தையைக் கொன்றவன் ஃபெய் லுங் என்பதை அறிந்து, உடைந்த வாளோடு வெளியேறுகிறான். பட்டறை உரிமையாளரின் மகள் சியூ லிங் அவனைத் தேடிச் சென்று கொள்ளையரிடம் அகப்படுகிறாள். அவளை மீட்கும் மோதலில் அவன் கை போகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த வஞ்சமும் இல்லை, தீர்க்கவேண்டிய கடனும் இல்லை.

அறியாதவளின் குரல்

படத்தைத் தொடங்கி முடிப்பது சியூ லிங்கின் குரல். திங் ஆன், இரும்புத் தலை என்னும் இரு இளைஞர்களும் தன்பொருட்டு மோதவேண்டும் என விரும்பும் இளம்பெண் அவள். ‘ஜியாங்ஹு’ என்றால் என்ன என்பது அவளை விடாது துரத்தும் வினா. ஆறும் ஏரியும் என்று நேர்ப்பொருள் தரும் அச்சொல், சட்டத்திற்கு வெளியே வாழும் வீரர்களின் உலகைக் குறிப்பது. வூஷியாக் கதைகள் அனைத்திற்கும் அதுவே களம். பிற படங்களில் பாத்திரங்கள் அதனுள் பிறந்தவர்கள்போல் நடமாடுவர். இங்கோ கதையைச் சொல்பவளுக்கே அதன் பொருள் தெரியவில்லை.

சண்டைக் காட்சிகளை இவ்விடத்திலிருந்தே நோக்கவேண்டும். ஹாங்காங் சண்டைப் படங்களின் வலிமை, உடலசைவைப் பார்வையாளர் ஐயமின்றிப் பின்தொடரச் செய்யும் தெளிவில் இருப்பதை டேவிட் போர்ட்வெல் ‘பிளானட் ஹாங்காங்’ (2000) நூலில் விரிவாக விளக்கியுள்ளார்: ஒரு நிலைப்பு, ஒரு வெடிப்பு, மீண்டும் ஒரு நிலைப்பு. இத்தெளிவைச் சூய் ஹார்க் அறியாதவர் அல்லர். ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’ (1991) அதற்கே சான்று. ஆனால் ‘தி பிளேட்’ படத்தில் கேமரா தோளில் அலைகிறது. தூண்களும் கூட்டமும் இருளும் பார்வையை மறிக்கின்றன. வெட்டு விழுந்த பின்னரே வெட்டியது யார் என்பது தெரிகிறது. சந்தையில் ஒரு துறவியின் வீரத்தைக் கண்டு வியக்கும் இளைஞர்கள், சற்று நேரத்தில் அவர் பொறியில் சிக்கி அடித்துக் கொல்லப்படுவதைக் காண்கின்றனர். நமக்கும் அவர்களுக்கும் கிடைப்பது ஒரே அளவு காட்சிதான். வன்முறையை வேடிக்கையாக எண்ணி எட்டிப்பார்க்கும் ஒருத்திக்கு அது எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே படமாக்கப்பட்டுள்ளது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. திங் ஆனை ஓர் அநாதைப் பெண் காப்பாற்றுவதையும், பாதி நூல், பாதி வாள், ஒரு கை ஆகியவற்றைக் கொண்டு அவன் சுழன்று தாக்கும் முறையைக் கண்டடைவதையும் சியூ லிங் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவ்வாறாயின் அக்காட்சிகள் யாருடையவை? படம் இதற்கு நேரடி விடை தருவதில்லை. எனினும், பார்க்காதவற்றைக் கற்பனையால் நிரப்பிக்கொள்பவளாகவே அவள் இறுதிக் காட்சியில் நிற்கிறாள் என்பதால், இடைப்பட்ட பகுதியையும் அவள் புனைவாகக் கொள்ள இடமுண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

மறையாத குறை

படத்தின் உண்மையான குறை தெளிவின்மை அன்று. பெண்ணுக்குக் குரலைத் தந்த இயக்குநர் அவளுக்குச் செயலைத் தரவில்லை. பிற பெண்பாத்திரங்களும், இரும்புத் தலையின் கையில் துன்புறும் விலைமகள் உட்பட, ஆண்களின் மூர்க்கத்தைக் காட்டும் கருவிகளாகவே நின்றுவிடுகின்றனர். கதைசொல்லியின் அறியாமையை வடிவமாக்கத் தெரிந்த படம், அவ்வறியாமைக்கு அப்பால் ஒரு பெண்மனத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

ஓராண்டு முன்னர் வெளிவந்த வாங் கார் வாயின் ‘ஆஷஸ் ஆஃப் டைம்’ (1994) நினைவையும் கலங்கிய காட்சியையும் ஒன்றாக்கியதற்காகப் பெரிதும் ஆராயப்பட்டது. அதே முயற்சி சண்டைப் பட இயக்குநர் ஒருவரிடமிருந்து வந்தபோது அது கவனக்குறைவாக எண்ணப்பட்டதோ என்னும் ஐயம் எழுகிறது. இறுதி மோதலில், பறப்பவன் என்று பெயர்பெற்ற ஃபெய் லுங்கும் (ஷியோங் ஷின்ஷின்) திங் ஆனும் மோதும் வேகத்தில் உடல்கள் கோடுகளாகவே தெரிகின்றன. அதன்பின் வருவது முதுமை எய்திய சியூ லிங். அவள் இன்னும் காத்திருக்கிறாள். அவள் மனக்கண்ணில் வரும் இளைஞர்களுக்கு வயது கூடவே இல்லை.