பட்டினத்தின் புதுக்கோலம்

யாழ்ப்பாணப் பட்டினத்திற்கு இருபது முப்பது ஆண்டுகளின் பின் திரும்பி வருவோர் முதலிற் கூறும் வார்த்தை ஒன்றுண்டு: "இடமே மட்டுக்கட்ட முடியாமல் மாறிப்போய்விட்டது." அதனை அவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடுதான் கூறுகின்றனர். 1990இல் நின்றுபோன புகைவண்டி 2014 ஒக்டோபரில் மீண்டும் வந்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆஸ்பத்திரி வீதியில் திரையரங்குகளோடு கூடிய வணிக வளாகம் எழுந்தது. கண்டியையும் காலியையும் முன்வைத்துத் தொடங்கிய உபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தில் 2016இல் யாழ்ப்பாணமும் சேர்க்கப்பட்டு, உலக வங்கியின் ஐந்தரைக் கோடி டொலர் அதற்கென ஒதுக்கப்பட்டது. இந்திய அரசின் கொடையாகப் பொதுநூலகத்தின் அயலில் உயர்ந்த கலாசார நிலையம் 2022இல் திறந்துவைக்கப்பட்டது. இவற்றுள் எதனையும் வேண்டாமென்று தள்ளுவது நமது நோக்கமன்று. முப்பதாண்டுப் போரின் பின் ஒரு மக்கட் கூட்டம் ஒளியையும் வசதியையும் விரும்புவதில் என்ன குற்றம்? ஆயினும், ஒரு நூல் வெளிவந்தால் அதன் அட்டையை மட்டும் பார்த்துப் பாராட்டுவது விமர்சனமாகாது. நகரத்துக்கும் அதுவே பொருந்தும்.

புதுக்கோலத்தை மதிப்பிடப் பழைய பட்டினம் எத்தகையது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் கிராமம் சாதியின் அடிப்படையில் வகுக்கப்பட்டது. கிணறு, கோயில், சுடலை, தேநீர்க்கடை என எங்கு நின்றாலும் மனிதனின் பிறப்பு அவனுக்கு முன்னே சென்று நின்றது. பட்டினம் இக்கொடுமைக்குப் புறம்பாக இருந்தது என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். அங்கும் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் கொடுக்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்த பின்னரும் சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புக்கள் கடை கடையாகப் போராடியே அவ்வுரிமையைப் பெறவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தை நம் வாசகர் அறிவர். ஆனால் போராடுவதற்கும் ஒரு களம் வேண்டும் அல்லவா? தன்னை அறியாதவர் மத்தியில் ஒருவன் நிமிர்ந்து நடப்பதற்கு வாய்ப்பளித்த இடம் பட்டினந்தான். பஸ் நிலையத்தில் காத்திருக்கவும், சந்தையில் விலை பேசவும், நூல்நிலையத்தில் பத்திரிகை விரிக்கவும் குலங்கோத்திரம் சொல்லவேண்டியதில்லை.

அந்த நூல்நிலையத்தின் வரலாறே இதற்குச் சான்று. கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டில் தொடங்கிய முயற்சி அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு வந்தது. அப்போது அங்கிருந்த நூல்கள் 844 மட்டுமே. 1954இல் அடிக்கல் நாட்டி, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வடிவில் எழுந்த மாளிகை 1959இல் திறக்கப்பட்டது. பஸ் நிலையத்தின் அருகே பூபாலசிங்கம் புத்தகசாலை இடதுசாரி நூல்களையும் சஞ்சிகைகளையும் மலிவாகத் தந்தது. கஸ்தூரியார் வீதியில் சவரத்தொழில் செய்துகொண்டே டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். சவரச்சாலையில் ஓர் இலக்கிய ஏடு தோன்றுவதும், அங்கே பேராசிரியரும் தொழிலாளியும் ஒரே வாங்கில் அமர்ந்து கதைப்பதும் எந்தக் கிராமத்தில் நிகழ்ந்திருக்கக் கூடும்? பட்டினத்தின் செல்வம் அதன் கட்டடங்களல்ல, இத்தகைய பொது இடங்களே என்பது நமது துணிபு.

இவ்விடங்கள் தாமாக மறையவில்லை. 1981 மே முடிவிலும் யூன் தொடக்கத்திலும் பொலிசாரும் குண்டர்களும் வைத்த தீயில் நூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்தன. 'ஈழநாடு' பணிமனையும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் சந்தைக் கடைகளும் அதே நாட்களில் எரிந்தன. பின்னர் வந்த போரில் நகரமண்டபமும் கோட்டையைச் சூழ்ந்த பகுதியும் தரைமட்டமாயின. அன்னியன் செய்ததை மட்டும் நாம் எண்ணிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவிலிருந்தும் ஒஸ்மானியாக் கல்லூரியின் சுற்றுப்புறத்திலிருந்தும் முஸ்லிம் மக்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெறுங்கையோடு விரட்டியவர்கள் நம் பெயரால் ஆயுதம் தரித்திருந்த விடுதலைப் புலிகளே. 1950களில் எம். எம். சுல்தான் என்ற முஸ்லிம் பெருமகனை மேயராக ஏற்றிருந்த நகரம் இது. இரும்புக்கடை, தையற்கடை, இறைச்சிக்கடை என்று பட்டினத்தின் அன்றாட வாழ்வையே தாங்கிநின்ற ஒரு சமூகம் ஒரே நாளில் அழித்தெறியப்பட்டது. 1998இல் சரோஜினி யோகேஸ்வரன், பொன்னுத்துரை சிவபாலன் என்னும் இரு மேயர்கள் நான்கு மாத இடைவெளிக்குள் கொல்லப்பட்டனர். 1981 குடிசன மதிப்பில் 118,000 பேரைக் கொண்டிருந்த மாநகரம் 2012இல் 88,000 பேரையே கொண்டிருந்தது.

இந்த இரு தொகைகளுக்கும் இடையிலுள்ள வெளியைத்தான் புனரமைப்பாளர் வெற்றுக் காகிதமாக எடுத்துக்கொண்டு வரைகின்றனர். நமது முதற் கண்டனம் இதுவே.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பயன்தரும். பெருநகருமன்றிச் சிற்றூருமன்றி இடைத்தரமான துறைமுக நகரம் அது. 1954இல் மேயரான ரிச்சர்ட் லீ, நடுவண் அரசின் பெருந்தொகையைப் பெற்று அதனை முன்மாதிரி நகராக்க முற்பட்டார். குடியேறிய யூதரும் இத்தாலியரும் கறுப்பின மக்களும் நெருங்கி வாழ்ந்த ஓக் தெருப் பகுதி இடித்துத் தள்ளப்பட்டு, 1959இல் அவ்விடத்தை ஒரு விரைவுவீதி பிடித்துக்கொண்டது. நகர நடுவே பெருங்கடைகளும் 1967இல் ஒரு வணிக வளாகமும் வந்தன. மோட்டாரில் வந்து வாங்குவோரை நம்பிக் கட்டிய கடைகள் சில பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்நூற்றாண்டில் அந்நகரத்தார் அதே விரைவுவீதியைப் பெயர்த்து, அறுந்த தெருக்களை மீண்டும் இணைக்கப் பொருள் செலவிட்டு வருகின்றனர். அங்கே இயந்திரம் செய்த வேலையை இங்கே ஷெல்லும் வெளியேற்றமும் செய்து முடித்திருந்தன. ஆகவே நம் திட்டக்காரருக்கு இடிக்கும் பழி இல்லை. அதனாலேயே, முன்பு இங்கு யார் இருந்தார், அவர் எங்கே போனார் என்று கேட்கும் கடமையும் தமக்கில்லை என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர்.

நியாயமாகப் பாராட்டவேண்டியதும் உண்டு. உலக வங்கித் திட்டத்தில் வடிகால்களுக்கும் வீதிகளுக்கும் இடமளிக்கப்பட்டமை சரியான முடிவு. ஆறில்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேற் கிடக்கும் குடாநாடு இது. மலக்குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்க, மேலே ஊற்றுவதெல்லாம் கீழே நன்னீரைச் சென்று சேர்கின்றது. மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் வாழ்வோர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வாய்க்காலுக்கு நாடா வெட்டி விழாவெடுப்பார் இல்லை; அதனாற்றானோ என்னவோ அதுவே இத்தனை வேலைகளிலும் மெய்யான வேலையாக நமக்குத் தோன்றுகின்றது. 2021 இறுதியில் ஒரு அறக்கட்டளையின் உதவியோடு துலங்கிய ஆரியகுளத்தையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். மாலையில் அங்கே காசின்றி உட்காரலாம்.

இனி, மாளிகைகளுக்கு வருவோம். அறுநூறு இருக்கைகள் கொண்ட மண்டபத்தோடு கலாசார நிலையம் முடிக்கப்பட்டுவிட்டது. நகரமண்டபத்துக்கோ 2019 செப்டெம்பரில் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அடிக்கல் நாட்டினார்; 2022இன் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது அது முற்றுப்பெறாக் கட்டடமாகவே நின்றது. மாநகரசபை நல்லூரில் தற்காலிக இடத்திலிருந்து தன் அலுவல்களைப் பார்க்கவேண்டியதாயிற்று. மக்கள் கூடி முடிவெடுக்கும் மன்றம் பின்தங்க, கூடிக் கைதட்டும் மன்றம் முந்திக்கொண்டது. கொடை கொடுப்போர் தாம் விரும்பியதைக் கொடுப்பர். அது உலக வழக்கம். ஆனால் வாங்குவோர் தமக்கு வேண்டியதைக் கேட்கும் வாயை இழந்திருந்தனர் என்பதே கவலைக்குரியது. வடமாகாணசபையின் காலம் 2018இல் முடிந்தபின் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. மாநகரசபையும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல்வரை மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளின் கையில் இருந்தது. 2025 சனவரியில் கலாசார நிலையத்துக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டதென்று பெருங்கண்டனம் எழுந்தது. பின்னர் அச்சொல் சேர்க்கப்பட்டது. கண்டனம் தவறன்று. எனினும், பாசையூரிலிருந்து ஒரு கூத்துக்குழு வந்தால் அம்மண்டபத்தை என்ன வாடகைக்குப் பெறலாம் என்னும் கேள்வி அத்தனை உரத்து எழவில்லையே! பெயர்ப்பலகைக்காகச் சினக்கும் நம் நடுத்தர வர்க்கத்தார் வாசலைப் பற்றிச் சினப்பதில்லை.

இதற்கோர் பொருளாதாரக் காரணமும் உண்டு. யாழ்ப்பாணச் சமூகம் நெடுங்காலம் தெற்கிலிருந்து உத்தியோகத்தர் அனுப்பிய மணியோடரில் வாழ்ந்தது. இன்று கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் பணத்திற் பெரிதும் தங்கியிருக்கின்றது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது. உற்பத்தி செய்யாத, வாங்கி விற்கின்ற பட்டினத்துக்கு முகப்பே மூலதனமாகிவிடுகின்றது. வங்கிகளும் நகைமாடங்களும் புடைவை மாளிகைகளும் வீதியின் இருமருங்கும் வளர, அவற்றின் வாசலில் நின்று வரவேற்கும் இளைஞனோ கடவுச்சீட்டு அலுவலகத்தைப் பற்றியே சிந்திக்கின்றான். அவனுக்கு இங்கே தொழில் தராத எத்திட்டமும் அவன் போனபின் விடுமுறைக்கு வந்து பார்ப்பதற்கான காட்சியையே அமைக்கின்றது.

நம் ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் செய்யத்தக்க ஒரு வேலையைக் கூறுவோம். நகர அபிவிருத்தித் திட்டங்கள் யாவும், வரைபடங்களோடும் செலவுக் கணக்கோடும், தெளிந்த தமிழில் பொதுநூலகத்தின் மேசையில் வைக்கப்படவேண்டுமென்று புதிய சபையிடம் கேட்கவேண்டும். அதே மேசையில் வைப்பதற்கு இன்னோர் ஏட்டை நாமே எழுதவேண்டும். 1980இல் எந்தக் கடை எவருடையது, எந்தத் தெருவில் எத்தொழில் நடந்தது, எந்தத் தேநீர்க்கடை எப்போது எல்லோருக்கும் ஒரே குவளையை வைத்தது, சோனகத் தெருவில் எந்த வீட்டார் புத்தளத்திலிருந்து மீண்டனர், எவர் மீளவில்லை என்பவற்றைத் தெரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். மாணவர் இருவர் இருவராகச் சென்று கேட்டுக் குறிக்கலாம். கஸ்தூரியார் வீதியின் ஒரு முனையிலிருந்து தொடங்கலாம்.