தீனாள் பேசினாள்

பைபிளின் முதல் நூலிலே ஒரு பெண் வருகிறாள். லோத்து என்பவனுடைய மனைவி. பெயர் இல்லை. சோதோம் நகரின் மேல் நெருப்பும் கந்தகமும் பொழிகின்றன. ஓடுங்கள், திரும்பிப் பாராதீர்கள் என்பது தூதர் இட்ட கட்டளை. ஓடியவள் திரும்பிப் பார்த்தாள், உப்புத்தூண் ஆனாள். அவளைப் பற்றி அந்த ஏடு கூறுவது ஏறத்தாழ இவ்வளவே.

சென்ற மாதம், ஆனைக்குட்டத்திலே நாங்கள் நடத்திவரும் மாணவர் மன்றத்தில், கிறித்தவ வீட்டுப் பெண்ணொருத்தி இந்தக் கதையை அழகாகச் சொல்லி அமர்ந்தாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். அவளுடைய தாய் சரவெடி பின்னிப் பிழைப்பவர். "வெடிச்சத்தம் கேட்டா எங்கம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் சார் ஓடும். கூட வேலை பார்த்தவங்க உள்ள இருப்பாங்கல்ல. அதுல என்ன தப்பு?" என்றாள்.

மன்றம் அமைதியாயிற்று. நானும்தான். கந்தகத்தைக் கையால் அளைந்து கஞ்சி குடிக்கும் பூமியிலே, கந்தகம் பொழிந்த ஊரின் கதைக்கு இப்படியொரு கேள்வி பிறக்க இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை!

திரும்பிப் பாராதே என்பது, அறிவுரை என்ற அளவிலே, பழுதில்லாத சொல்தான். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிலே முப்பதுக்கும் மேற்பட்டோர் வெடிவிபத்தில் மாண்டபோது, உதவி செய்ய ஓடியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆபத்தை எடுத்துச் சொல்வது வேறு. ஆபத்திலும் அயலாரை எண்ணிய நெஞ்சுக்குத் தண்டனை விதிப்பது வேறு. அதே லோத்து, முந்தின இரவிலே என்ன செய்தான்? விருந்தினரைக் கேட்டு வாசலிலே திரண்ட வெறிக்கும்பலிடம், தன் கன்னிப் பெண்கள் இருவரையும் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பெற்ற பெண்களைக் கொடுக்கத் துணிந்தவன் பிழைத்தான். பிறந்தகமோ புகுந்தகமோ, வாழ்ந்த ஊரைத் திரும்பிப் பார்த்தவள் உப்பானாள். என்னே நீதி!

இத்தகைய பெண்களின் கண்வழியே பழங்கதையை மீண்டும் சொல்வது இன்று உலக இலக்கியத்திலே தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. ருசியக் கவிஞர் அன்னா அக்மதோவாவும் போலந்துக் கவிஞர் விஸ்வாவா சிம்போர்ஸ்காவும் லோத்தின் மனைவியைப் பாடினார்கள். புதின உலகிலே பேர்போன நூல், அமெரிக்க எழுத்தாளர் அனிட்டா டயமண்ட் 1997இல் வெளியிட்ட 'தி ரெட் டென்ட்'. சிவப்புக் கூடாரம் என்று பொருள். பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டு, பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த நூல். நானும் விரும்பிப் படித்தேன். ஆனால் விரும்பியதாலேயே விமர்சனத்தை விட்டுவிடலாகாது.

மூலக்கதை சிறிது. யாக்கோபின் மகள் தீனாள், அந்த நாட்டுப் பெண்களைக் காண வெளியே போகிறாள். சீகேம் என்ற இளவரசன் அவளைப் பிடித்துக் கெடுக்கிறான். பிறகு மணம் பேச ஆள் அனுப்புகிறான். அண்ணன்மார், விருத்தசேதனம் செய்துகொண்டால் பெண் தருகிறோம் என்று வஞ்சகமாகச் சொல்லி, அவ்வூர் ஆண்கள் வலியிலே கிடந்த மூன்றாம் நாள், அத்தனை பேரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். அந்த அதிகாரம் முழுவதிலும் பேசாதவர் யார்? இளவரசன் பேசுகிறான், அவன் தகப்பன் பேசுகிறான், யாக்கோபு பேசுகிறான், அண்ணன்மார் பேசுகிறார்கள். தீனாள் மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை!

டயமண்ட் அவளைப் பேச வைத்தார். நாவல் முழுவதும் தீனாளே சொல்லும் கதை. அதுவரை மகிழ்ச்சி. ஆனால் அவள் என்ன பேசினாள்? அவன் என்னைக் கெடுக்கவில்லை, நாங்கள் காதலித்தோம் என்று பேசினாள்! இளவரசனுக்கு ஷாலேம் என்று பெயர் மாறுகிறது, கொடுமை காதலாகிறது, குற்றவாளிக் கூண்டிலே அண்ணன்மார் மட்டும் நிற்கிறார்கள். அவர்கள் அங்கே நிற்க வேண்டியவர்களே, ஐயமில்லை. சாதிப்பெருமைக்காகத் தங்கையின் காதலனை வெட்டும் அண்ணன்மாரை நாமும் அறிவோம்; அந்தப் பக்கங்களைப் படிக்கையிலே கை நடுங்கியது.

இருந்தும் கேட்கிறேன். கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைத்துவிடு, கதை முடிந்தது என்று ஆலமரத்தடியிலே தீர்ப்புச் சொன்ன பஞ்சாயத்துகள் எத்தனை? இளவரசன் ஆள் அனுப்பிக் கேட்டதும் அதே தீர்ப்பைத்தானே? நாவலாசிரியரின் நோக்கம் அதுவல்ல. பெண்ணுக்கு விருப்பம் உண்டு, வேட்கை உண்டு என்று காட்ட விழைந்தார். ஆனால், ஊமையாக்கப்பட்டவளுக்குக் குரல் கொடுக்கும்போது, அவளுக்கு நேர்ந்த கொடுமையையும் சேர்த்தல்லவா ஊமையாக்கிவிட்டார்?

கூடாரத்துக்கு வருவோம். யாக்கோபின் மனைவியரும் மகளும் மாதவிலக்கு நாள்களிலே ஒதுங்கியிருக்கும் இடம் அது. நாவலிலே அது பாட்டும் பலகாரமுமாகப் பெண்கள் கூடிக் களிக்கும் இன்பக் குடில். அமெரிக்க வாசகி உருகுவாள். நம் ஊர் வாசகி? தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றிலே 'முட்டுவீடு' என்று ஒன்று உண்டு. ஊர் ஓரத்திலே, மூன்று நாளும் ஐந்து நாளும், மழையானாலும் பெண்களை ஒதுக்கிவைக்கும் குடிசை. அங்கேயும் பெண்கள் சிரித்துப் பேசியிருப்பார்கள், சிறையிலும்தான் சிரிப்பார்கள். சிரிப்பை எழுதியவர் சுவரை எழுத மறந்தார்.

இன்னொரு மறதி. பில்காள், சில்பாள் என்ற இருவரும் மூலத்திலே அடிமைகள். மகள்கள் மணமாகிப் போகையிலே லாபான் கொடுத்தனுப்பிய வேலைக்காரிகள். பிள்ளை பெற்றுத் தருவதற்காக எசமானிகளே அவர்களைக் கணவனிடம் ஒப்படைத்தார்கள். நாவலிலே அவர்களும் லாபானுக்கு அடிமைப் பெண்கள் வயிற்றிலே பிறந்த மகள்கள், ஆகவே சகோதரிகள். அடிமைத்தனம் அன்பாகிவிட்டது! தாழ்ந்தவளை 'நீயும் எங்க வீட்டுப் பிள்ளைதான்' என்று சொல்லிச் சம்பளம் தராமலே வேலை வாங்கும் வித்தை நமக்குப் புதிதா?

நம் மொழியிலே இந்த வகைக்கு ஓர் உரைகல் இருக்கிறது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்'. பைபிள் அன்று, இராமாயணம். வேலை மட்டும் இதே வேலை. கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, கணவனோடு வாழத் தொடங்குகிறாள். நெஞ்சின் காயம் ஆறவில்லை. காட்டிலிருந்து மீண்ட சீதை வந்து, தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். அவன் கேட்டானா, நீ செய்தாயா என்கிறாள் அகலிகை. தனக்கொரு நீதி, மனைவிக்கொரு நீதியா என்று அவள் நெஞ்சு கொதிக்கிறது. மீண்டும் கல்லாகிறாள்.

புதுமைப்பித்தன் இந்திரனை நல்லவனாக்கவில்லை. தீயை அணைக்கவில்லை. நடந்ததை நடந்ததாகவே விட்டார். ஒருத்தி இன்னொருத்தியின் கதையைக் கேட்டாள், கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியிலே காப்பியமே ஆட்டங்கண்டது. சிறுகதைக்கு இருந்த துணிவு அந்தப் பெரிய நாவலுக்கு இல்லாமற் போனது ஏன் என்றுதான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

பிறரைப் பேசும்போது நம்மையும் பேசவேண்டும். மறுவாசிப்பு நம் இயக்கத்தின் போர்வாள். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது, 1948இல் தடைப்பட்டது, 1971இல்தான் விடுதலை பெற்றது. அண்ணா 'நீதிதேவன் மயக்க'த்திலே இராவணனைக் கூண்டிலேற்றிக் கேள்விக்கணை தொடுக்க வைத்தார். பெருமைதான். ஆயினும் நாம் வழக்காடியது பெரும்பாலும் ஒரு மன்னனுக்காக. தங்கையின் அறுபட்ட மூக்கு அண்ணனுடைய வழக்கிலே சான்றுப்பொருளாயிற்று. அவளை வாதியாக்கி நம் மேடைகள் எத்தனை முறை அழைத்தன? மேடையிலே கைதட்டிய நானும் இதற்குப் பொறுப்பு. 1936இலேயே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' எழுதி, பாதிக்கப்பட்டவளே எழுதினால் எப்படியிருக்கும் என்று காட்டியும், அந்தப் பாடத்தை நாம் அரைகுறையாகத்தான் படித்தோம்.

நம் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியிலே பிறந்த பாமா, 1992இல் 'கருக்கு' எழுதினார். அதிலே பைபிள் பாத்திரம் எதுவும் மறுபிறவி எடுக்கவில்லை. கோவிலிலே முழந்தாளிட்டவள், கன்னியர் மடத்திலே சேர்ந்தவள், வெளியே வந்து எழுதினாள். ஏழைக்கு நின்ற ஏசுவை எங்கே ஒளித்துவைத்தீர்கள் என்று கேட்டாள். தாழ்த்தப்பட்ட பெண்ணுக்குக் கன்னியர் மடமும் காவல்சுவர்தான் என்று எழுதுகையிலே, அந்தச் சுவரைப் பூப்போட்டு மூடவில்லை. வேதத்தைப் பெண் கண்ணால் படிப்பது எப்படி என்பதற்கு, என் கணக்கிலே, சிவப்புக் கூடாரத்தைவிட இந்தச் சிறு நூல் நெருங்கிய விடை.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அந்தப் பின்வரிசைப் பெண் ஒன்றரைப் பக்கம் எழுதிவந்தாள். லோத்தின் மனைவியே சொல்வதுபோல. பெயர் வைக்கவில்லையா என்றேன். "அதுலதான் இல்லையே சார்" என்றாள். அவள் எழுதியதிலே தூதர் வருகிறார், கந்தகம் பொழிகிறது, கட்டளையும் அப்படியே இருக்கிறது. திரும்பிப் பார்த்தவள் கண்ட முதல் பொருள், அவசரத்திலே அணைக்காமல் வந்த அடுப்பு. அடுத்தது, வரமாட்டேன் என்று தங்கிவிட்ட மருமகன்மாரின் வீட்டுக் கூரை. மூன்றாவதை எழுதுமுன் பக்கம் தீர்ந்துவிட்டதாம். இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.