வாசல் வழியா, கொல்லை வழியா?

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' புத்தகமாக வந்தது 1973ல். அன்றிலிருந்து அதைப் படித்தவர்களெல்லாம் ஹென்றியின் பெருந்தன்மையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். எனக்கென்னவோ, நாவலின் உயிர் பேபியிடம் இருப்பதாகவே படுகிறது.

கிருஷ்ணராஜபுரத்தில் பூட்டிக் கிடக்கும் வளர்ப்புத் தந்தையின் வீட்டைத் தேடி ஹென்றி வருகிறான். நிலபுலன்களைச் சிற்றப்பன் துரைக்கண்ணுவே வைத்துக்கொள்ளட்டும், தனக்கு வீடு போதும் என்கிறான். சித்தம் கலங்கித் திரியும் பேபிக்கும் அந்த வீட்டில் இடம் கிடைக்கிறது. கடைசியில், வீடு புதுக்கிக் குடிபுகும் கட்டத்தில், அவள் போய்விடுகிறாள்.

வேறொருவர் எழுதியிருந்தால் அவளுக்குப் புத்தி தெளிந்திருக்கும். கழுத்தில் தாலியும் ஏறியிருக்கும். ஜெயகாந்தன் அவளைப் போக விட்டார். இடம் கொடுத்தவனுக்கு நன்றியைக்கூட வாங்கித் தராத அந்தத் துணிவு, நம் கதைகளில் அபூர்வம்.

ஆனால் ஒரு குறை. அந்த ஊர் அளவுக்கு மீறி நல்ல ஊராக இருக்கிறது. ஆசிரியரும் எங்கள் கடலூர்ப் பக்கத்துக்காரர்தானே, அவருக்குத் தெரியாதா? எங்கள் கம்மாபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் கிணறு, மாட்டுக் கொட்டகை, விறகு அடுக்க ஓர் ஓரம் என்று கொல்லை நீண்டு கிடக்கும். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவரை அழைத்து வந்து வைத்துப் பாருங்கள். எதிர்வீட்டு அத்தை முதலில் கேட்பது, "என்ன ஆளுங்க?" என்றுதான். அடுத்தது, "நாளைக்கு பட்டா கேட்டா என்ன பண்ணுவே?"

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 2017ல் இப்படி ஒரு காரியம் தொடங்கியது. வீட்டுக்காரர் கொல்லையில் இடம் தந்தார். அதில் 125 சதுர அடியில் சமையலிடமும் குளியலறையும் கொண்ட தனி வீடு கட்டி, வீடற்ற ஒருவரைக் குடிவைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் நம் ஊரில் கொல்லை என்றால் வெறும் இடமா? வாசல்படி மிதிக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்தவர்களை நாம் வரச் சொன்ன வழி அது. அங்கே எத்தனை நல்ல வீடு கட்டினாலும், குடிவருகிறவர் எந்தப் பக்கமாக உள்ளே வருவார் என்ற கேள்வி இருக்கிறது.

இந்த வகையில் ஹென்றியை மெச்சத்தான் வேண்டும். பேபியை அவன் கொல்லைப்புறத்தில் ஒதுக்கவில்லை, வீட்டுக்குள்ளேயே வைத்தான். ஆனால் அவனுக்கு மாமியார் இல்லை, கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இல்லை. நடுத்தர வாசகர்களாகிய நமக்கு அவனை இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று சந்தேகப்படுகிறேன். நம்மிடம் அவன் எதையும் கேட்பதில்லை.

பிள்ளைகுட்டிக்காரன் ஒருவன் ஹென்றியின் இடத்தில் இருந்து, பேபிக்குச் சோறு போட்ட தட்டைத் தனியே வைப்பதா, மற்றத் தட்டுகளோடு வைப்பதா என்று இரவில் மனைவியோடு சண்டை போடுகிற ஓர் அத்தியாயத்தை ஜெயகாந்தன் கையால் படிக்க எனக்கு ஆசையாக இருந்தது.